முழு ஒத்துழைப்பு

பொழுது சாய இன்னும் இருபத்தைந்து நிமிடம்தான் இருந்தது. பார்க்க வேண்டிய திருத்தங்கள் இருநூற்றுப் பதினாறு. தர்மவதி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, கணினித் திரையில் தெரிந்த ஒன்பது முகங்களையும் பார்த்தாள். அவர்கள் அவள் பேச்சைக் கேட்பதைவிட, அவரவர் ஜன்னலுக்கு வெளியே வெயில் எந்தச் சுவரில் நிற்கிறது என்பதிலேயே கண்ணாக இருந்தார்கள். சமணக் குடும்பங்களில் விளக்கு வைத்த பிறகு சாப்பிடுவதில்லை. சென்னைக்குப் போய், பெங்களூருக்குப் போய் வேறு எதை எதையோ விட்டவர்கள்கூட இதை மட்டும் விடவில்லை. அதனால் விழா மலர்க் குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நாலு மணிக்கு ஆற அமரத் தொடங்கும். முதல் ஒரு மணி நேரம் அட்டைப்படத்துக்கு எந்த மஞ்சள் என்பதில் போகும். ஐந்தரைக்கு மேல் எல்லோருக்கும் கால் தரையில் பாவாது. முக்கியமான முடிவுகள் எல்லாம் அந்தக் கடைசி இருபது நிமிடத்தில்தான் எடுக்கப்படும்.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது அவர்கள் ஊர். ஊர்க் கோயிலைப் புதுப்பித்து, தை மாதம் தீர்த்தங்கரரைப் பிரதிஷ்டை செய்யும் பஞ்சகல்யாண விழா வைத்திருந்தார்கள். அதற்குத்தான் தொண்ணூற்றாறு பக்கத்தில் மலர். திருவண்ணாமலையில் தேரடி வீதிக்குப் பின்சந்தில் டிடிபி கடை வைத்திருப்பவள் என்பதால் தர்மவதி தொகுப்பாசிரியர் ஆனாள். மலரை இணையத்தில் பொது ஆவணமாகப் போட்டு, குழுவின் இருபது பேரில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், திருத்தியது அடையாளத்தோடு தெரியும் என்று ஏற்பாடு செய்ததும் அவள்தான். செய்த பாவத்துக்கு இரண்டே வாரத்தில் பலன் கிடைத்தது. பக்கமெல்லாம் சிவப்புக் கோடும் பச்சைக் கோடுமாக, எழுத்து எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதாயிற்று. ஒருவர் காற்புள்ளி வைப்பார், இன்னொருவர் அதை எடுப்பார், மூன்றாமவர் தன் தாத்தா பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் சேர்ப்பார்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் அர்ஹந்த், அவளுக்கு அண்ணன் மகன் முறை, அவன்தான் வழி சொன்னான். திருத்தங்களைத் தானே படித்து, எழுத்துப்பிழை, மரியாதைச் சொல், நடைச் சீரமைப்பு, பொருள் மாற்றம் என்று பிரித்துக் கொடுக்கும் ஒரு கருவியை ஆவணத்தோடு இணைத்துவிட்டான். அது தானாகவும் நடைக்கு யோசனை சொல்லும். "அத்தை, பொருள் மாற்றத்தை மட்டும் நீங்க பாத்தா போதும். மத்தத கண்ண மூடிக்கினு ஏத்துக்கலாம்" என்றான். திருப்பணிக் குழுச் செயலாளர் சீவகன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், அந்தக் கருவிக்குக் குமாஸ்தா என்று பெயர் வைத்தார். எதிர்த்துப் பேசாது, லீவு கேட்காது, சொன்னதைப் பட்டியல் போட்டு நீட்டும். அவர் சர்வீசில் அப்படி ஒரு குமாஸ்தா அவருக்கு வாய்த்ததே இல்லையாம்.

"குமாஸ்தா என்னா சொல்றாரு, தர்மவதி?" என்றார் சீவகன் இப்போது.

"பொருள் மாற்றம் மூணு மாமா. ரெண்டு தேதி, ஒரு போட்டோ விளக்கம். மீதி இருநூத்தி பதிமூணும் மரியாதையும் நடையும்."

மூன்றையும் பார்த்தார்கள். இரண்டு நிமிடம் ஆயிற்று. தர்மவதி எல்லா ஞாயிற்றுக்கிழமையும் செய்வதுபோல, யாருக்கும் தெரியாமல் குமாஸ்தாவிடம் தனியாக ஒரு கேள்வியைத் தட்டினாள். அறுபத்தோராம் பக்கத்தில் பொருள் மாற்றம் உண்டா? இல்லை என்று உடனே பதில் வந்தது. நான்கு வாரமும் அதே பதில்தான். அவளுக்கு மனம் ஆறிவிட்டது.

அந்தப் பக்கத்தில் இருந்தது முருகவேலின் கதை. முருகவேல் கோயில் காவலாளி, வேறு சாதி. அவருக்கு ராத்திரிச் சோறு தர்மவதி வீட்டில்தான். ராத்திரிச் சோறு என்பது பேருக்கு. ஐந்தரைக்கே அவர்கள் சமையல் முடிந்துவிடும் என்பதால் அவரும் வெளிச்சத்திலேயே சாப்பிட்டுவிட்டுக் காவலுக்குப் போவார். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை கோயிலில் மூன்று பஞ்சலோகச் சிலைகளைக் காணவில்லை. சாயங்காலம் அவர் பின்வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜீப் வந்தது. பரிமாறிக்கொண்டிருந்தவள் பதினான்கு வயது தர்மவதி. ஊர் கொடுத்த புகாரில் முதல் கையெழுத்து அவள் அப்பா சக்கரவர்த்தியுடையது. "சாப்ட்டு முடிக்கட்டும்" என்று போலீஸ்காரரிடம் அப்பா சொன்னதை அவள் கேட்டாள். அது கருணையா, இல்லை ஓடிவிடாமல் உட்கார வைக்கும் தந்திரமா என்று அவளுக்கு இன்று வரைக்கும் தெரியவில்லை. மூன்று நாள் அடித்தார்கள். இடது கை அதன் பிறகு மடங்கவே இல்லை. நாலு மாதம் கழித்து எங்கேயோ வேறு மாநிலத்தில் பிடிபட்ட கும்பலிடம் மூன்று சிலைகளும் கிடைத்தன. ஊர் மேளம் வைத்துச் சிலைகளை அழைத்து வந்தது. முருகவேல் வீட்டுப் பக்கம் ஒருவரும் போகவில்லை. அவர் பெண்டாட்டி ஆராயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அந்தக் கையோடு அவரையும் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்து, செங்கம் ரோட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அவித்து விற்க ஆரம்பித்தாள்.

மலர் வேலை தொடங்கியதும் தர்மவதி முதலில் போனது அவளிடம்தான். முருகவேல் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போட்டோ இருந்தால் கொடுங்கள், புத்தகத்தில் போடுகிறோம் என்றாள். ஆராயி அடுப்பை ஊதுவதை நிறுத்தவில்லை.

"போட்டோலாம் வேணாம் பாப்பா. எங்கூட்டு ஆளு திருடலன்னு எழுதுவியா?"

"எழுதறேங்க்கா."

"உங்கப்பாதான் புட்ச்சிக் குடுத்தாருன்னு?"

"அதையும் எழுதறேன்."

"அப்ப எழுது. பொஸ்தகம் வந்தா சொல்லு. நானே வந்து வாங்கிக்கறேன்."

அன்றே கடைக்கு வந்து, ஒரே மூச்சில் எழுதினாள். ஏழு வரி. கோயில் காவலர் முருகவேலைத் திருடன் என்று போலீசில் பிடித்துக் கொடுத்தது நம் ஊர். புகாரில் முதல் கையெழுத்து என் அப்பா சக்கரவர்த்தியுடையது. மூன்று நாள் அடித்தார்கள். இடது கை விளங்காமல் போயிற்று. அவர் திருடவில்லை. சிலைகள் கிடைத்த பிறகும் நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இது நம் தவறு. ஊரில் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் வரவில்லை. ஊர் திருந்திவிட்டது என்று எண்ணிக்கொண்டாள். இத்தனை வயதில் இப்படி ஒரு எண்ணம் வந்ததற்கு அவளைத்தான் திட்ட வேண்டும்.

"ஏத்துக்கம்மா, அல்லாத்தையும் ஏத்துக்க. பொழுது போவுது. பிரஸ்காரன் ஆறு மணிக்குள்ள பைல் கேக்கறான்" என்றார் சீவகன். அவர் திரையில் பின்னால் அவர் மனைவி தட்டு வைத்துவிட்டு நிற்பது தெரிந்தது. சென்னை முகம் அணைந்தது, பெங்களூர் முகங்கள் அணைந்தன. தர்மவதி 'அனைத்தையும் ஏற்கவும்' என்பதை அழுத்தினாள். கோடுகள் எல்லாம் மறைந்து பக்கங்கள் பளிச்சென்று ஆயின. பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, டப்பாவில் இருந்த இரண்டு தோசையைச் சந்தில் வெளிச்சம் இருக்கும்போதே விழுங்கினாள்.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை, லாரி பார்சலில் பத்துக் கட்டு வந்தது. அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால், கட்டுகளை ஆள் வைத்துத் தலையில் சுமந்து கொண்டுவர வேண்டியிருந்தது. வழவழப்பான அட்டை, உள்ளே ஆர்ட் தாள், பிரித்தால் புது மை வாசனை. முதல் கட்டை அவிழ்த்து ஒரு புத்தகத்தை எடுத்து நேரே அறுபத்தோராம் பக்கத்துக்குப் போனாள். ஏழு வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது.

'ஆலயத்தில் நிகழ்ந்த துயரச் சம்பவத்தின்போது காவலர் திரு. முருகவேல் அவர்கள் விசாரணைக்கு முழு ஒத்துழைப்பு நல்கினார்.'

முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. வேறு பக்கத்தைப் பிரித்துவிட்டோம் என்று நினைத்து எண்ணைப் பார்த்தாள். அறுபத்தொன்றுதான். யாரோ திட்டம் போட்டுச் செய்திருக்கிறார்கள், எந்த நாய் என்று பார்க்கிறேன் என்று கணினியைத் திறந்து, அந்த ஆவணத்தின் பழைய பிரதிகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தட்டினாள். எல்லாம் பெயரோடும் தேதியோடும் அப்படியே இருந்தன.

திட்டம் போட்டவர் யாரும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. 'திருடன் என்று' என்பதை 'சந்தேகத்தின் பேரில்' என்று ஆக்கியவர் சென்னையில் இருக்கும் ஓய்வு பெற்ற தாசில்தார். சட்டப்படி அப்படித்தான் எழுத வேண்டும் என்று குறிப்பும் வைத்திருந்தார். 'அடித்தார்கள்' என்பதை 'விசாரித்தார்கள்' என்று மாற்றியவர் வந்தவாசி வாத்தியார். அகிம்சை பேசும் மலரில் அடிதடி வேண்டாமே என்றிருந்தார். கை விளங்காமல் போனதை எடுத்தவள் அர்ஹந்தின் மனைவி வர்ஷா. நல்ல பெண், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவள். உடல் குறையைச் சுட்டிக் காட்டுவது நாகரிகமல்ல என்று எழுதி, முருகவேலுக்குத் 'திரு'வும் 'அவர்க'ளும் சேர்த்ததும் அவள்தான். 'அவர் திருடவில்லை' என்ற வரியை அர்ஹந்த் நீக்கியிருந்தான். திருடினார் என்ற பேச்சே மேலே இல்லாதபோது இது எதற்கு என்று கேட்டிருந்தான். 'இது நம் தவறு' என்பதைச் சீவகன் 'இது வருந்தத்தக்கது' என்று ஆக்கி, அடுத்த வாரம் புகாரையும் மன்னிப்பையும் சேர்த்துத் 'துயரச் சம்பவம்' என்ற இரண்டு சொல்லில் அடக்கியிருந்தார். கடைசி ஞாயிற்றுக்கிழமை, மிச்சமிருந்ததைக் கோத்து, விசாரணைக்கு முழு ஒத்துழைப்பு நல்கினார் என்று யோசனை சொன்னது குமாஸ்தா. நடைச் சீரமைப்பு. ஏற்றவர்: தர்மவதி, மாலை ஐந்து நாற்பத்தாறு.

குமாஸ்தா பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு திருத்தத்தையும் அதற்கு முந்தையதோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருள் மாறவில்லை என்று சொல்லியிருந்தது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் பெரிய வித்தியாசம் இல்லைதான். மாடியிலிருந்து கீழே வந்துவிட்டோம் என்பது மட்டும் அதன் கணக்கில் வராது. ஆனால் தன் கண்ணால் அந்த ஒரு பக்கத்தைத் திறந்து படிக்க அவளுக்கு என்ன கேடு? நான்கு வாரம், தினமும் திறந்து கிடந்த ஆவணம். இருபது நொடி வேலை. அப்பா செய்ததை இன்னொரு தடவை அங்கே படிக்க வேண்டாம் என்றுதான் அவள் குமாஸ்தாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதை இப்போதுதான் தனக்குள் ஒப்புக்கொண்டாள்.

இன்னும் பின்னோக்கித் தட்டினாள். தாசில்தாருக்கும் முன்னால், எல்லாவற்றுக்கும் முதலாக, ஒரு திருத்தம் இருந்தது. எழுதிய அன்றே, நாற்பது நிமிடம் கழித்து. 'என் அப்பா சக்கரவர்த்தியுடையது' என்பதன் மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் பச்சையில் 'ஊர்ப் பெரியவர்களுடையது'. திருத்தியவர் பெயர் தர்மவதி.

அவளுக்கு நினைவே இல்லை. இல்லை, நினைவு இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, அப்பா செத்து நாலு வருஷம்தானே ஆகிறது, அம்மா படிப்பாளே என்று நினைத்து, அதை மட்டும், அந்த ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்றினாள். பிறகு வந்தவர்கள் எல்லாம் அவள் போட்ட தடத்திலேயே நடந்திருந்தார்கள்.

சீவகனுக்குப் போன் போட்டாள். ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்து எல்லாப் பிரதியிலும் அந்த இடத்தில் ஒட்டிவிடலாம், நாலு நாள் இருக்கிறது என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தவர்தான், தள்ளி வந்து கேட்டார்.

"யாரும் ஒண்ணும் எடுக்கலியேம்மா. பேரு இருக்குது. மரியாதையா, திரு போட்டு இருக்குது. நம்ம மலர்ல வேத்தாளு பேரு வந்ததே அது ஒண்ணுதான்."

"அவர அடிச்சாங்க மாமா."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா? ரெண்டாவது கையெழுத்து என்னுதுதான்." பந்தல்காரரை இருக்கச் சொல்லும் குரல் கேட்டது. "நீதான ஏத்துக்கின. உன் பேருதான அதுல இருக்குது. வேணும்னா மறுபடியும் அந்த ஆவணத்துல போடு. அல்லாரும் பாத்து சரின்னு சொன்னா ஒட்டிக்கலாம்."

அவள் போனை வைத்தபோது ஆராயி ஷட்டருக்கு வெளியே செருப்பை விட்டுக்கொண்டிருந்தாள். புத்தகம் திங்கட்கிழமை வரும் என்று அவளிடம் சொல்லியிருந்ததைத் தர்மவதி மறந்தேபோயிருந்தாள். பௌர்ணமி வியாபாரத்தைப் போட்டுவிட்டு வந்திருந்தாள் ஆராயி. வருஷத்தில் பன்னிரண்டு நாள்தான் அவளுக்கு நல்ல வியாபாரம். தலையில் எண்ணெய் வைத்து வாரி, துவைத்த புடவை கட்டியிருந்தாள். கையில் சூடாக ஒரு மல்லாட்டைப் பொட்டலம்.

"உனக்குத்தான் பாப்பா. வெளிச்சம் இருக்கறப்பவே துன்னுடு" என்று நீட்டினாள். அந்த வீட்டு வழக்கத்தை அவள் மறக்கவில்லை. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, "வந்துச்சா?" என்றாள்.

தர்மவதி புத்தகத்தைக் கொடுத்தாள். வேறு என்ன செய்ய முடியும்? ஆராயிக்குப் படிக்கத் தெரியாது. அந்த ஏழு வரியும் தர்மவதிக்கு மனப்பாடம். பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு அவற்றை அப்படியே சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஆராயியின் மகள் தென்றல் நர்ஸ். இன்றைக்கே வீட்டில் எடுத்துப் படிப்பாள். அதற்குப் பயந்துதான் உண்மையைச் சொல்கிறோம் என்பதும் அவளுக்கு அந்த நேரத்திலேயே தெரிந்திருந்தது. அறுபத்தோராம் பக்கத்தைத் திறந்து, இருப்பதை இருந்தபடி படித்தாள்.

ஆராயி தலையைச் சாய்த்துக் கேட்டாள். இன்னும் வரும் என்று காத்திருந்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க்கா."

"ஒத்துழைப்புனா என்னா?"

"அது... எதிர்த்து ஒண்ணும் பண்ணாம... அவங்க சொன்னதுக்கெல்லாம் ஒத்துப் போனாருன்னு."

ஆராயி அதை மெல்ல யோசித்தாள். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. "ஆமா. நெசந்தான்" என்றாள். "கையக் கட்டி இல்ல தொங்க வுட்டிருந்தாங்க. அது எப்டி எதிர்த்துப் பண்ணும்?"

"அக்கா, நான் வேற மாதிரிதான் எழுதனேன். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமா மாத்திட்டாங்க. மொதல்ல..." மொதல்ல மாத்தனது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஆராயி புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, படம் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு தாளாக முன்பக்கத்தை நோக்கித் திருப்பினாள். தேர், கோபுரம், சாமியார்கள், குத்துவிளக்கு. நாலாம் பக்கத்தில் நின்றாள். பக்கம் முழுக்க ஒரே கலர் போட்டோ. வெள்ளை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம்.

"இது உங்கப்பா இல்ல?"

"ஆமாங்க்கா."

"நல்லா இருக்குது. சிரிச்ச மொகமா இருக்காரு." தாளைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள். "வழவழன்னு இருக்குது. இது பொட்டலத்துக்குக்கூட ஆவாது பாப்பா." புத்தகத்தை விரித்தபடியே மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஒண்ணு எடுத்துக்கினு போங்க்கா. தென்றலுக்கு."

"அதுக்கு எதுக்கு? அதுக்குத் தெரியும் அவங்கப்பன் கை." செருப்பை மாட்டிக்கொண்டு, கிரிவலத்துக்குப் போகிற கூட்டத்தோடு சேர்ந்து சந்து முனையில் திரும்பிவிட்டாள்.

தர்மவதி ஆவணத்தைத் திறந்து, அறுபத்தோராம் பக்கத்தில் ஏழு வரியையும் மறுபடி அடித்தாள். இரண்டாவது வரி வந்ததும் கை நின்றது. பிறகு அப்பா பெயரையும் அடித்து முடித்தாள். ஓரத்தில் குமாஸ்தாவின் சின்னப் பெட்டி உடனே திறந்தது. பொருள் மாற்றம்: ஒன்று. கவனத்துடன் பரிசீலிக்கவும். குழு உறுப்பினர்கள் பத்தொன்பது பேருக்கும் தகவல் அனுப்பப்பட்டது.

வெளியே சந்தின் சுவரில் வெயில் இல்லை. அம்மா இரண்டு தடவை போன் பண்ணியிருந்தாள், சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் இருக்கும். இனிமேல் சாப்பாடு காலையில்தான். பத்தொன்பது பேரும் இந்நேரம் கை கழுவியிருப்பார்கள், ஒருவர் பெயரும் திரையில் எரியவில்லை. ஆராயி கொண்டுவந்த பொட்டலம் எப்போது அங்கே போயிற்றோ, விரித்துக் கிடந்த புத்தகத்தின்மேல், அப்பாவின் நெஞ்சுக்கு நேராக இருந்தது. எடுத்தாள். அடியில் காகிதம் நனைந்து கிழிந்து, உப்புத் தண்ணீர் வழிந்திருந்தது. நல்ல தாள். ஒரு சொட்டுகூட உள்ளே இறங்காமல், அந்தச் சிரித்த முகத்தின்மேல் முத்து முத்தாக நின்றது.